தோளில் வரைந்த துண்டு

என் பாசத்துக்குரிய கருப்பையா அண்ணே,

தங்கச்சிமடத்திலிருந்து சவேரியாள் எழுதுகிறேன். எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் கை போகிறது. உங்கள் தங்கச்சி செல்லாயி சுகம்தான். என்னோடுதான் இருக்கிறாள், கருவாட்டுக் கூடையை என்னைவிடச் சீக்கிரம் விற்றுவிட்டு வந்துவிடுகிறாள். எனக்குத்தான் நேற்று மத்தியானத்திலிருந்து சுகமில்லை. சோற்றைப் பிசைந்தால் குமட்டுகிறது. காய்ச்சலும் இல்லை, பித்தமும் இல்லை. ஒரு மனுஷனைப் பார்த்து வந்த குமட்டல்.

உங்களுக்குக் கல்லறை இல்லை அண்ணே. புயல் தனுஷ்கோடியை வாரிக்கொண்டு போனபோது உங்களையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விட்டது. இந்தக் கடிதத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? அதனால்தான் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். ஊரே படிக்கட்டும். படித்துவிட்டு யாராவது முகத்தைச் சுளித்தால் சுளித்துக்கொள்ளட்டும்.

நேற்று ரைஸ்மில் மங்களநாதன் எங்கள் வீட்டுக்கு வந்தார். உங்களுக்கு அவரைத் தெரியும், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஆர்.எஸ். மங்கலத்தில் அவருக்கு அரிசி ஆலை இருக்கிறது, கண்மாய்க்குக் கீழே நல்ல வயல் இருக்கிறது, வாயைத் திறந்தால் ‘இனம்’ என்கிற வார்த்தை இருக்கிறது. இலங்கையில் தமிழர்களை அடித்தார்கள் என்று ஐம்பத்தெட்டில் தேவிபட்டினம் கடற்கரையில் கண்டனக் கூட்டம் போட்டார்களே, அந்தக் கமிட்டிக்குத் தலைவர் அவர்தான்.

இப்போது உங்களுக்குப் படத்திறப்பு விழா வைக்கப் போகிறார்களாம். அதே தேவிபட்டினம், அதே கடற்கரை, அதே மேடை. “இனத்துக்காகப் பாடுன கலைஞன் கருப்பையா, சவேரியம்மா. புயல்ல போயி வருஷ நினைவு வருது, சும்மா விட்டுற முடியுமா? நீங்க நம்ம கோஷ்டியோட வந்து அந்தப் பாட்டப் பாடிக் குடுக்கணும்” என்றார். நம்ம கோஷ்டியாம். அந்த ‘நம்ம’ என்கிற சொல் என் வீட்டுக்குள் வந்து விழுந்ததும் எனக்கு முதல் குமட்டல் வந்தது.

கூட வந்தவன் துணியைப் பிரித்துப் படத்தைக் காட்டினான். கண்ணாடி போட்ட பெரிய படம். அந்தக் கூட்டத்தன்று ராமநாதபுரத்து ஸ்டூடியோக்காரர் மேடையை எடுத்த படத்தில் நீங்கள் ஓரத்தில், கீழே நின்றுகொண்டிருந்தீர்கள் அல்லவா? அதிலிருந்து உங்களை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்கி, வர்ணம் தீட்டி வைத்திருக்கிறார்கள். முகம் உங்கள் முகம்தான், அதில் குறை சொல்ல முடியாது.

ஆனால் அண்ணே, உங்கள் தப்பு மேளத்தைக் காணோம். தோளில் வாரைப் போட்டு நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தீர்களே, அந்த இடத்தில் வெள்ளை ஜிப்பாவை வரைந்து மறைத்துவிட்டார்கள். அதோடு விட்டார்களா? தோளில் ஒரு துண்டு வரைந்திருக்கிறார்கள். சரிகைக் கரை போட்ட துண்டு.

மங்களநாதன் தெருவழியாகப் போகும்போது உங்கள் தோளில் துண்டு கிடந்தால் அதை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதானே உங்கள் ஊர் வழக்கம்? பிறந்ததிலிருந்து அப்படித்தானே நடந்தீர்கள்? உயிரோடு இருந்தவரைக்கும் இறங்கிக் கிடந்த துண்டை, செத்த பிறகு வர்ணம் குழைத்துத் தோளில் ஏற்றியிருக்கிறார்கள். சீ! என்ன பிழைப்பு இது என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். கூட வந்தவன் வெளியே குரைத்த நாயைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டான்.

நாம் எப்படி அண்ணன் தங்கச்சி ஆனோம் என்பதும் இந்த வழக்கத்தில்தான் ஆரம்பித்தது. ஆர்.எஸ். மங்கலம் சந்தையில் நான் கருவாட்டுக் கூடையை இறக்க முடியாமல் நின்றபோது, “இந்தாங்கண்ணே, ஒரு கை பிடிங்க” என்று உங்களைக் கூப்பிட்டேன். நீங்கள் திரும்பிப் பார்த்து, உங்களுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தேடினீர்கள். அந்த ஊரில் உங்களை யாரும் ‘ங்க’ போட்டுக் கூப்பிட்டதில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. பச்சைப் பிள்ளைகூட “ஏலே கருப்பையா” என்றுதான் கூப்பிடும். அன்றைக்கு விழுந்த ‘ங்க’வை நான் இன்றுவரை எடுக்கவில்லை.

செல்லாயி அக்கரையிலிருந்து, இலங்கையிலிருந்து கப்பலில் வருகிறாள் என்று தகவல் வந்ததும் நீங்கள் என்னிடம்தான் ஓடி வந்தீர்கள். தனுஷ்கோடிக்கு நீங்கள் அதுவரை போனதில்லை. எனக்கு அங்கே கப்பல் அணைகிற பாலத்தில் மூட்டை தூக்குகிறவனிலிருந்து ரயில் கார்டு வரை தெரியும். இரண்டு பேரும் போய் வெயிலில் நின்றோம். இறங்கி வந்தவர்களைப் பார்த்தபோது ‘இந்த ஜனங்கள் என்ன பாவம் செய்தார்கள்’ என்றுதான் தோன்றியது. கொழும்பில் ஒரு கடையில் சுமை தூக்கிக்கொண்டிருந்த செல்லாயியின் புருஷனை, பேசச் சொல்லி, பேசின பாஷையைக் கேட்டுவிட்டு அடித்தே கொன்றிருந்தார்கள். அவள் கையில் ஒரு துணி மூட்டை மட்டும் இருந்தது.

நாம் அவளிடம் போய்ச் சேர்வதற்குள் கமிட்டிக்காரர்கள் கொடியும் பாலுமாக முன்னால் நின்றார்கள். மங்களநாதன் தன் கையாலேயே பாலை ஊற்றி, “தாயே, குடிங்க” என்று செல்லாயியிடம் நீட்டினார். ஈயம் பூசிய கனமான பித்தளை டம்ளர். அவள் குடித்தாள். அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது, அதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். “எந்த ஊரு தாயி நமக்கு?” என்றார். ஊரைச் சொன்னாள். “அட, நம்ம ஊருதான். எந்தத் தெரு?” என்றார். தெருவையும் சொன்னாள்.

காலி டம்ளரைத் திருப்பி நீட்டினாள். அவர் கை பின்னால் போய்விட்டது. “அது… அத நீயே வச்சுக்க” என்றார். தாயே, தாயி எல்லாம் ஒரே வாக்கியத்தில் உதிர்ந்து ‘நீ’ ஆகிவிட்டது. அடுத்தவருக்கு வேறு டம்ளரில் பால் ஊற்றப் போய்விட்டார்.

செல்லாயி சின்னப் பிள்ளையில் அக்கரைக்குப் போனவள். இந்த ஊர் நுணுக்கம் எல்லாம் அவளுக்கு மறந்து போயிருந்தது. ரயிலில்தான் முதன்முதலாகத் தானாக வாயைத் திறந்து, “எம்புட்டு நல்ல மனுசன் பாத்தியாண்ணே. வெறுங்கையோட வந்திருக்கான்னு டம்ளரையே குடுத்துட்டாரு. அவுக அம்மா பேரு வெட்டியிருக்கு போல. பெத்தவ பேரு போட்ட பாத்திரத்த ஆரு குடுப்பா?” என்றாள். டம்ளரின் வாய்க்குக் கீழே புள்ளி புள்ளியாகத் ‘தெய்வானை’ என்று வெட்டியிருந்ததை விரலால் தடவிக்கொண்டே வந்தாள். நான் வாயைத் திறக்கப் போனேன். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். “சொல்லாத தங்கச்சி. இன்னைக்கு அவளுக்கு ஒருத்தனாச்சும் நல்லவனா இருந்துட்டுப் போகட்டும்” என்று காதுக்குள் சொன்னீர்கள். அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் மங்களநாதனை மன்னிக்கவில்லை அண்ணே.

பாட்டு அந்த ரயிலில்தான் பிறந்தது. பலகையில் உங்கள் விரல் தட்டிக்கொண்டே வந்தது. பாடையைத் தூக்கும்போது நீங்கள் அடிக்கிற அடி. பெரிய வெள்ளிக்கிழமைக்கு எங்கள் கோயிலில் மாதாவின் வியாகுலத்தைப் பாடுகிற ராகம் என் வாயில் தானாக வந்து அதில் ஏறிக்கொண்டது. உங்கள் எளவுக்கொட்டும் எங்கள் ஒப்பாரியும் இப்படிப் பொருந்தும் என்று யார் கண்டது? நீங்கள்தான் சொற்களைப் போட்டீர்கள்.

“அக்கரையில ஆருன்னு கேட்டான் – தமிழுன்னு சொன்னேன்
அடிச்ச அடியில எம் மஞ்சத்தாலி மண்ணுல கெடக்கு.”

தொண்டியிலிருந்து காதர் பாயைக் கூட்டி வந்தது நான். அவருடைய தம்பியின் கடையையும் அக்கரையில் எரித்திருந்தார்கள். தர்கா வாசலில் தாயிரா தட்டிப் பாடுகிறவர். அந்த வட்டமான தோல் கருவிக்கும் உங்கள் தப்புக்கும் பார்வைக்குப் பெரிய வித்தியாசம் கிடையாது. தேவிபட்டினத்து நாதஸ்வரக்காரர் சண்முகத்தைக் கூட்டி வந்தது நீங்கள். நல்ல காரியத்துக்கு அவர், சாவுக்கு நீங்கள். ஒரே ஊர்களுக்குப் போய்வந்தும் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நாளும் வாசித்ததில்லை. எந்தத் தெருவில் கூடுவது என்ற தகராறே வரக்கூடாது என்றுதான் ஊருக்கு வெளியே யாரும் வராத பழைய உப்புக் கொட்டகையைப் பிடித்தோம்.

முதல் நாள் சண்முகம் கொட்டகையின் அந்தப் பக்கத் தூணோடு ஒட்டிக்கொண்டு நின்றார். நீங்களும் காதர் பாயும் பனையோலையைக் கொளுத்தி, ஒரே தீயில் இரண்டு தோலையும் காய்ச்சினீர்கள். “கொஞ்சம் தள்ளிப் பிடிங்க பாய், தோலு வெடிச்சிரும்” என்று நீங்கள் சொல்ல, “ஒங்களுக்கு முன்னாடி பொறந்த தாயிரா இது, அதெல்லாம் வெடிக்காது” என்று அவர் சொல்ல, ஒரே சிரிப்பு. காய்ந்த தோலில் உங்கள் குச்சி விழுந்ததும் சண்முகம் தூணை விட்டு வந்துவிட்டார். “இந்த அடிக்கு நான் முகாரியில புடிக்கவா?” என்று கேட்டார். உங்களிடம் கேட்டார் அண்ணே, வித்வானிடம் கேட்கிற மாதிரி. அப்புறம் நாம் எல்லோரும் ஒரே பானைத் தண்ணீரைத்தான் குடித்தோம்.

அந்தப் பாட்டை நான் சந்தையில் முணுமுணுத்ததைக் கேட்டுவிட்டுத்தான் கமிட்டிக்காரர்கள் வந்தார்கள். கூட்டத்துக்கு அதைப் பாடவேண்டும் என்றார்கள். ‘கடல் கடந்த நம் உடன்பிறப்புகளுக்காக இசைக் கலைஞர்கள் ஒன்றுபட்டுப் பாடுகிறார்கள்’ என்று நோட்டீஸ் அடித்தார்கள். ஒன்றுபட்டு! அந்த நோட்டீஸில் கருவாடு கட்டிக் கொடுத்தால் கருவாட்டுக்குத்தான் அசிங்கம்.

கூட்டத்தன்று செல்லாயி அந்த டம்ளரைப் புளி போட்டுத் தங்கம் மாதிரி விளக்கி எடுத்து வந்திருந்தாள். அம்மா பேர் போட்ட பாத்திரத்தை வைத்துக்கொள்ள மனசு கேட்கவில்லையாம். நாம் தடுப்பதற்குள் மங்களநாதனிடம் போய்விட்டாள். “அய்யா, இந்தாங்க ஒங்க வீட்டு டம்ளரு. ஆபத்துக்குக் குடுத்தீக, நல்லாயிருப்பீக” என்றாள். அவர் இரண்டு எட்டு பின்னால் போனார். “வேண்டாம் வேண்டாம், அத இங்கன நீட்டாத, அங்கிட்டுக் கொண்டு போ” என்றார். அவள் அவரைப் பார்த்தாள், அப்புறம் திரும்பி உங்கள் முகத்தைப் பார்த்தாள். உங்கள் முகத்தில் எல்லாம் எழுதியிருந்தது. டம்ளரை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்ததாக மேடை. நான் ஏறினேன், சண்முகம் ஏறினார், காதர் பாய் ஏறினார். நீங்கள் முதல் படியில் கால் வைத்தீர்கள். ஒரு தொண்டன் குறுக்கே கையை நீட்டி, “ஏலே, நீ எங்கன ஏறுற?” என்றான். மங்களநாதன் ஓடிவந்தார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு அருவருப்பு வந்திருக்காது. குழந்தைக்குச் சொல்கிற மாதிரி இதமாகச் சொன்னார்.

“கருப்பையா, தப்பா எடுத்துக்காத. நல்ல காரியம் நடக்குற மேட. எளவுக்கொட்டு ஏறுனா ஜனங்க ஒரு மாதிரி நெனைப்பாக. நீ கீழ நின்னே அடி. சத்தம் மேல வரத்தான செய்யும்?”

சத்தம் மேலே வரத்தானே செய்யும்! இதைச் சொல்ல ஒரு மனுஷனுக்கு நாக்கு எப்படி வளைந்தது? சத்தம் வரலாம், சத்தத்தை உண்டாக்குகிற ஆள் வரக்கூடாது.

நீங்கள் காலைப் படியிலிருந்து எடுக்கவில்லை. “எளவுக்குத்தானய்யா பாட வந்திருக்கோம்? எம் மச்சான் செத்த எளவு. எளவுக்கொட்ட வேற எங்கன போய் அடிக்கச் சொல்றீக?” என்றீர்கள். உங்கள் வாழ்நாளில் அவருக்கு எதிராகப் பேசிய முதல் பேச்சு அது. உங்கள் கை அப்போதும் துண்டைக் கக்கத்தில்தான் இடுக்கியிருந்தது. ஸ்டூடியோக்காரர் அந்த நேரம்தான் படம் எடுத்தார்.

மேலே இருந்த காதர் பாயைப் பார்த்து மங்களநாதன், “நீங்க ஆரம்பிங்க பாய். ஒங்களது பக்தி வாத்தியம், அதுக்கு ஒண்ணும் இல்ல” என்றார். காதர் பாய் தன் தாயிராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுவும் தோலு, அதுவும் தோலு. இப்பத்தான் ரெண்டையும் ஒரே தீயில காச்சிட்டு வாரோம். எது பக்தி, எது எளவுன்னு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியல” என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிவிட்டார்.

நானும் இறங்கினேன். “அம்மா, நீயாவது நில்லு. மைக்கு இங்கனதான இருக்கு?” என்றார் மங்களநாதன். “கடல் காத்துல கூவி மீன் விக்கிறவளுக்கு எதுக்கு மைக்கு? நீங்களே வச்சுக்கங்க” என்றேன். செல்லாயியிடம் டம்ளரை ‘நீயே வச்சுக்க’ என்றாரே, அதற்குப் பதிலாகத்தான் சொன்னேன்.

சண்முகம் பாவம், இறங்கவில்லை. கோயில் வாசிப்பை வைத்துத்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிகிறது, கோயில் கமிட்டியிலும் மங்களநாதன் கை இருந்தது. நாதஸ்வரத்தை வாய்வரை கொண்டுபோனார். அப்புறம் எடுத்துவிட்டு, “சீவாளி ஒடஞ்சு போச்சு” என்றார். நாதஸ்வரத்தின் கழுத்தில், ஊதுவாயில் செருகுகிற மாற்றுச் சீவாளிகள் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அத்தனையும் உடைந்துபோனதாக அன்றைக்குச் சத்தியம் செய்தார். மேலே நின்றார், ஆனால் ஒரு மூச்சுகூட அவர்களுக்காக ஊதவில்லை.

மணலில் நின்று நீங்கள் அடித்தீர்கள். முதல் கண்ணியை நான் பாடி முடித்ததும் கையமர்த்திவிட்டு, அதுவரை இல்லாத கண்ணியை நீங்களே எடுத்தீர்கள்.

“இக்கரையில ஆருன்னு கேட்டான் – தமிழுன்னு சொன்னேன்
எந்தத் தெருன்னு கேட்டுக்கிட்டுத் தள்ளி நிக்கிறான்.”

முதலில் யாருக்கும் புரியவில்லை. இரண்டாவது தரம் பாடினபோது கூட்டம் எழுந்து நம் பக்கம் திரும்பியது. உங்கள் தெரு ஜனங்கள் வந்தார்கள். எங்கள் வலைக்காரப் பொம்பளைகள் வந்தார்கள். தொண்டியிலிருந்து பஸ்ஸில் வந்த பாய்மார்கள் வந்தார்கள். மேடையில் மங்களநாதன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, திரும்பி நின்ற முதுகுகளிடம் மனித சமத்துவம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கடைசியில் கைதட்டல் பலமாக வந்ததும், “கமிட்டியின் ஏற்பாட்டில் நடந்த இசை நிகழ்ச்சி இத்துடன்…” என்று அதையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார். கைதட்டலைக்கூட விட்டுவைக்கவில்லை.

அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும், யாரும் சொல்வதில்லை. உங்களை யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. கண்மாய் நிறைந்து நடவு ஆரம்பித்ததும் உங்களையும் செல்லாயியையும் மட்டும் யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. சாவு விழுந்தால்கூட பக்கத்து ஊரிலிருந்து ஆள் பிடித்தார்கள். எங்கள் தீவுக்கு வந்து தனுஷ்கோடிப் பாலத்தில் மூட்டை தூக்கினீர்கள். “மூட்ட தெரு கேக்காது தங்கச்சி” என்றீர்கள். லீவு நாளில் நாம் பாம்பனிலும் தொண்டியிலும் மண்டபம் முகாம் வாசலிலும் பாடினோம். எங்கே கூப்பிட்டாலும் ‘மேடை வேண்டாம், தரை போதும்’ என்பதுதான் நம் கோஷ்டியின் ஒரே நிபந்தனை. சண்முகமும் ஊருக்குத் தெரியாமல் வந்து கலந்துகொள்வார், சீவாளி உடையாமல்.

புயலன்று செல்லாயி கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு மாவு இடிக்க என் வீட்டுக்கு வந்திருந்ததால் தப்பினாள். நீங்கள் தனுஷ்கோடியில் இருந்தீர்கள். எத்தனை பேர் சாவுக்கு அடித்த கை உங்களுடையது. உங்கள் சாவுக்கு ஒரு அடி விழவில்லையே அண்ணே. தூக்குவதற்குப் பாடை இல்லாதபோது யார் அடிப்பது, எதற்கு அடிப்பது என்று நாங்களும் சும்மா இருந்துவிட்டோம்.

இப்போது நேற்றுக்கு வருகிறேன். மங்களநாதன் படத்தைக் காட்டிப் பெருமையாக உட்கார்ந்திருந்தார். “ஒரே ஒரு விஷயம். அந்த ரெண்டாவது கண்ணி வேண்டாம். செத்த மனுசன் பேர்ல எதுக்குப் பழச கிளறிக்கிட்டு? முதக் கண்ணி நல்ல உருக்கமா இருக்கு, அது போதும்” என்றார். தப்பு எங்கே என்று கேட்டேன். “படம் மேடையில இருக்கப் போகுதுல்ல, அதான் எடுத்துட்டோம்” என்றார். செல்லாயிக்கு எங்கே இடம் என்று கேட்டேன். “வரட்டும், வரட்டும். மேடைக்குப் பக்கத்துலயே பாய் போடச் சொல்றேன்” என்றார். பக்கத்தில். வர்ணம் பூசின படம் மேலே போகலாம். கூடப்பிறந்தவள் பக்கத்தில்தான்.

செல்லாயி கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நல்ல வெயில். மங்களநாதன் மேல்துண்டால் விசிறிக்கொண்டே, “ஒரு வாய் தண்ணி குடும்மா, தொண்ட வறண்டு போச்சு” என்றார். எங்கள் வீட்டில் மீன் வாடைக்கு மூக்கைச் சுளிப்பார், ஆனால் தண்ணீர் குடிப்பார். அவ்வளவுக்கு எங்களை ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

செல்லாயி தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவர் வாங்கினார். வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனவர் கட்டைவிரலுக்குக் கீழே புள்ளி எழுத்து தட்டுப்படவும் இறக்கிப் பார்த்தார். அதற்கு அப்புறம்தான் அவள் முகத்தைப் பார்த்தார். புருஷனைப் பறிகொடுத்து வந்தவளை, தான் ‘தாயே’ என்று கூப்பிட்டவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை அண்ணே. டம்ளரைத்தான் தெரிந்தது.

“ஒங்க வீட்டு டம்ளருதான், குடிங்க. ஒங்க அம்மா பேருதான் போட்டிருக்கு” என்றாள் செல்லாயி.

அவர் நெற்றியிலிருந்து வேர்வை டம்ளருக்குள்ளேயே விழுந்தது. டம்ளரை மெதுவாகத் தரையில் வைத்தார். “தாகமில்ல” என்றார். பெற்ற தாயின் பேரைத் தரையில் வைத்துவிட்டுத் தாகமில்லை என்றார். வறண்ட தொண்டையோடு.

செல்லாயி படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள். உங்கள் முகத்தைக் கொஞ்ச நேரம் தடவினாள். அப்புறம் அந்தச் சரிகைத் துண்டில் விரலை வைத்து, “இது ஆரு துண்டு?” என்றாள். “எங்கண்ணன் தோள்ல துண்டு கெடக்க விட்டீகளா? இப்ப மட்டும் எப்படி ஏறுச்சு? இது எங்கண்ணன் இல்ல, கொண்டுட்டுப் போங்க” என்று அவர் மடியிலேயே வைத்துவிட்டாள். கூட வந்தவன் அவசரமாகத் துணியைச் சுற்றினான். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது, குமட்டல் மட்டும் இன்னும் நிற்கவில்லை.

அவர்கள் போன கையோடு ரயிலேறித் தேவிபட்டினம் போய்ச் சண்முகத்தைப் பார்த்தேன், தொண்டிக்கு ஆளனுப்பிக் காதர் பாயையும் அங்கேயே வரவழைத்துப் பேசிவிட்டு இன்று விடியலில்தான் திரும்பினேன். சண்முகத்துக்கு முன்பல் போய்விட்டது, ஊதினால் பாதிக் காற்று வெளியே போகிறது. “போனா போகுது. மணல்ல நின்னு ஊதுறேன். இந்தத் தடவ சீவாளி மேல பழி போட மாட்டேன் சவேரி” என்றார். உங்கள் தப்பு உங்களோடு போய்விட்டது. காதர் பாய் தன் தாயிராவில் உங்கள் அடியை அடிப்பதாகச் சொல்லியிருக்கிறார். அடித்தும் காட்டினார். எங்கே பிடித்து எங்கே விடவேண்டும் என்பது அப்படியே இருக்கிறது.

செல்லாயி இன்று காலையில் கருவாடு காயப்போட்டுக்கொண்டே ஒரு கண்ணி கட்டினாள். நான் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை.

“தாகமுன்னு வந்தவனுக்குத் தண்ணி நான் தந்தேன்
தன் வீட்டுப் பேரப் பாத்துத் தாகமில்லேங்கிறான்.”

படத்திறப்பு அன்று நாங்கள் தேவிபட்டினத்துக்குப் போவோம் அண்ணே. மேடையில் அவர்கள் துண்டு போட்ட அந்த ஆளுக்கு மாலை போட்டுக்கொள்ளட்டும். நாங்கள் கீழே, நீங்கள் நின்ற மணலில், பனையோலைத் தீ மூட்டித் தோலைக் காய்ச்சுவோம். உங்களுக்கு விழாத எளவுக்கொட்டு அன்றைக்கு விழும், மூன்று கண்ணியோடு. பாடி முடிக்கிறவரை அந்த டம்ளரில் தண்ணீர் நிறைத்து மேடையின் முதல் படியில், நீங்கள் கால் வைத்த அதே படியில், செல்லாயி வைத்திருப்பாள். யாருக்குத் தாகம் என்றாலும் குடிக்கலாம், தெரு கேட்க மாட்டோம். இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு.

சத்தம் மேலே வரத்தானே செய்யும் என்றார் அல்லவா? வரும் அண்ணே. நிற்கமுடியாமல் அவர் இறங்கி ஓடுகிறவரை வரும்.

உங்களை ‘ங்க’ போட்டுக் கூப்பிட்டு, இனிமேலும் அப்படியே கூப்பிடப் போகிற,
வேறு வயிற்றில் பிறந்த உங்கள் தங்கச்சி,
சவேரியாள்